மார்பகத்தில் புழுத்தொற்று: ஸ்கேனா, மேமோகிராமா, ஊசியா?

யானைக்கால் நோய் என்றதும் வீங்கிய காலே நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்நோய்க்குக் காரணமான வுச்செரேரியா பேங்க்ராஃப்டி புழு பெண்களின் மார்பக நிணநீர்க் குழாய்களிலும் தங்குவதுண்டு. அதனால் உண்டான கட்டியைப் புற்றுநோயோ என்று அஞ்சி வரும் பெண்ணுக்கு, அந்நோய் பரவியுள்ள பகுதிகளில், முதலில் செய்ய வேண்டியது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் என்பது என் உறுதியான கருத்து.

உயிருள்ள புழுவை அது அசைவோடு காட்டிவிடுகிறது. முதிர்ந்த பெண்புழு 8 முதல் 10 செ.மீ. வரை நீளமும் ஏறத்தாழ கால் மி.மீ. தடிமனும் உடையது. உயர் அதிர்வெண் ப்ரோப்பை (உடல்மீது வைக்கும் ஸ்கேன் கருவியை) அழுத்தாமல், நகர்த்தாமல் சற்று நேரம் பிடித்திருந்தால், விரிந்த நிணநீர்க் குழாயின் கருமைக்குள் மெல்லிய வெண்கீற்றுகள் சுருண்டும் நெளிந்தும் ஓயாமல் துடிப்பது திரையில் தெரியும். 1994இல் பிரேசிலின் ரெசிஃபே நகர ஆய்வாளர்கள் ஆண்களின் விதைப்பையில் கண்டு விவரித்த இந்த அசைவை ‘ஃபைலேரியா நடனம்’ என்கிறார்கள். நாடித்துடிப்புக்குரிய சீரான தாளம் இதில் இராது. இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் அந்த வேறுபாடு தெளிவாகவே தெரியும். பொறுமையின்றி ப்ரோப்பை நகர்த்திச் சென்றால், இதே கட்டி சாதாரண நீர்க்கட்டி என்று அறிக்கையில் பதிவாகிவிடக்கூடும்.

மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமில் அசைவு தெரியாது. இறந்து சுண்ணாம்பு படிந்த புழுவை நெளிகோடாகக் காட்டுவதே இதில் அதன் பயன். இளம்பெண்களின் அடர்ந்த மார்பகத் திசுவில் கட்டியே மறைந்துவிடலாம். ஆயினும் நாற்பதைக் கடந்தவர்களுக்குப் புற்றுநோய் ஐயத்தைத் தீர்க்க அதைத் தவிர்க்கக் கூடாது.

ஸ்கேனுக்கு உண்மையான போட்டி ஊசிப் பரிசோதனைதான். மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி.யில் மைக்ரோஃபைலேரியாவோ (புழுவின் நுண்ணிய குஞ்சோ) முதிர்ந்த புழுவின் துண்டோ நுண்ணோக்கியில் தென்பட்டால் ஐயத்துக்கு இடமில்லை. புழு இறந்த பின் ஸ்கேனில் நடனமும் இராது. அழற்சிக் கட்டி புற்றுநோயைப் போலவே தோன்றலாம் என்பதால் அங்கே திசுப் பரிசோதனையின்றி முடிவுக்கு வர இயலாது. அப்போதும் வெறும் கிரானுலோமா (அழற்சிச் செல்களின் திரள்) மட்டும் கிடைத்தால், காசநோய் மிகுந்த நம் நாட்டில் அதையும் கருத்தில் கொண்டே ஆக வேண்டும்.

இரவு பத்து மணிக்கு மேல் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தாலும் மார்பகத் தொற்று இல்லை என்றாகாது. இரத்தத்தில் புழுவின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் அட்டைச் சோதனையை எந்நேரமும் செய்யலாம். ஆனால் உடலில் புழு இருப்பதைச் சொல்லுமே தவிர, இந்தக் கட்டி அதனால் வந்ததா என்பதைச் சொல்லாது.

ஊசிக்கு முன் ஸ்கேன் என்ற வரிசைக்கு வேறொரு காரணமும் உண்டு: மார்பகக் கட்டி வேறு புழுக்களாலும் வரலாம். பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் உண்டாக்கும் சிறு நீர்க்கட்டிக்குள் அதன் தலைப்பகுதி ஓரமாக ஒளிரும் புள்ளியாகத் தெரிவதுபோல், நாய் நாடாப்புழுவின் இளம்பருவம் உண்டாக்கும் ஹைடாட்டிட் நீர்க்கட்டிக்குள் சேய்க்கட்டிகளும் பிரிந்து மிதக்கும் சவ்வும் தெரியும். ஹைடாட்டிட் என்று அறியாமல் குத்தினால் கசியும் நீர் கடும் ஒவ்வாமை அதிர்ச்சியை உண்டாக்கக்கூடும். அந்த ஐயத்தை முன்கூட்டியே எழுப்பி ஊசியை நிறுத்தவல்லது ஸ்கேன்தான்.