3,480 மலேசிய வெள்ளி போச்சு, புகார் என்று ஒரு வரிகூடப் பதிவாகவில்லை: சக்கர நாற்காலியோடு விமானம் ஏறுபவர்கள் கவனிக்கவும்

இன்று காலை விமான நிறுவனத்திடமிருந்து ஒரே ஒரு பக்கம் பதில் வந்தது. படித்த கையோடு எழுதுகிறேன். கோபம் எழுத்தில் தெரிந்தால் தெரியட்டும்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் சீவிய அக்கா ஒருவர். இனிப்புநீர் முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் இன்னும் பொருத்தவில்லை. சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டதை முடிக்கத் திருச்சிக்குக் கிளம்பினார். போய் வந்ததில் பறிபோனது மூவாயிரத்து நானூற்று எண்பது வெள்ளி. மடக்கும் மின்சார வீல்சேர் 2,900. அதைப் பிள்ளைகள் கூட்டுப் பணம் எடுத்து வாங்கிக் கொடுத்தார்கள். ‘வீல்சேர் சார்ஜ்’ என்று டிக்கெட் கடைக்காரர் வாங்கியது 280. நாற்காலி உடைந்த பிறகு திருச்சியில் வேறு ஒன்றை வாடகைக்கு எடுத்ததற்கு 300. மொத்தம் 3,480. தோட்டத்துச் சம்பளத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது எத்தனை மாதக் காசு என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் எங்கே ஏமாந்தார்கள் என்று பாருங்கள்.

டிக்கெட் எடுத்தது டவுனில் இருக்கிற ஒரு சின்னக் கடையில். போட்டோஸ்டாட், பாஸ்போர்ட் படம், விமான டிக்கெட் எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். தமிழ் ஆள்தான். அக்காவை வாசலிலேயே நிற்க வைக்காமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார், மைலோ வாங்கிக் கொடுத்தார், ஓகேயூ அட்டையை (மாற்றுத்திறனாளி அட்டை) பிரதி எடுத்துக்கொண்டார். “அக்கா, நீங்க ஒன்னும் யோசிக்காதீங்க. சிஸ்டத்துல வீல்சேர் போட்டாச்சு லா. நேரா போங்க, அவங்களே தூக்கிட்டுப் போவாங்க” என்றார். ரசீதில் ‘வீல்சேர் சார்ஜ் 280’ என்று கையால் எழுதி முத்திரை குத்தினார். அந்த மைலோவும் முத்திரையும் சேர்ந்து அக்காவின் மனசை நிறைத்துவிட்டது. யாரும் எதையும் திருப்பிக் கேட்கவில்லை.

விமான நிறுவனத்தின் கணக்கில் அந்த 280 வெள்ளிக்கு ஒரு தடயமும் இல்லை. டிக்கெட்டில் இருந்தது ஒரே ஒரு குறியீடு. அதுவும் தப்பான குறியீடு.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. ‘வீல்சேர் வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் விமானத் துறையில் அதற்கு அர்த்தம் கிடையாது. மூன்று குறியீடுகள் உண்டு, உலகம் முழுக்க அதேதான். டபிள்யூசிஎச்ஆர் என்றால் படி ஏறுவார், விமானத்துக்குள் நடப்பார், நீண்ட தூரம் மட்டும் முடியாது. டபிள்யூசிஎச்எஸ் என்றால் படி ஏற முடியாது, உள்ளே போனால் தன் இருக்கைக்குத் தானே போய்க்கொள்வார். டபிள்யூசிஎச்சி என்றால் இருக்கை வரைக்கும் ஆள் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். கடைசி எழுத்துதான் எல்லாம். அக்காவுக்கு வேண்டியது சி. கடைக்காரர் போட்டது ஆர். சொந்த மின்சார நாற்காலி வருகிறது என்பதற்கான தனிக் குறியீடு, லித்தியம் பேட்டரி என்றால் டபிள்யூசிஎல்பி, அதைப் போடவே இல்லை.

ஆர் என்று இருந்தால் ஆம்புலிஃப்ட், அதாவது ஆளை நாற்காலியோடு விமானக் கதவு வரைக்கும் உயர்த்தும் வண்டி, வராது. அன்றைக்கு விமானம் தூரத்தில் நின்றது, ஏணிப்படி. கீழே நின்ற பையன்கள் இரண்டு பேர் அக்காவைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். சேலை விலகியது, பின்னால் எண்பது பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். பையன்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கையில் இருந்த தாளில் ‘படி ஏறுவார்’ என்றுதான் இருந்தது.

திருச்சியில் நாற்காலி பெல்ட்டில் தலைகீழாக வந்தது. ஜாய்ஸ்டிக் கம்பி அறுந்து தொங்கியது. இடது பக்கக் கால்தாங்கி வளைந்திருந்தது. இந்த மாதிரி நாற்காலியில் இரண்டு சக்கரத்து மோட்டாருக்கும் பக்கத்தில் சின்ன நெம்பு ஒன்று இருக்கும். அதை நியூட்ரலுக்குத் தள்ளாவிட்டால் மின்காந்த பிரேக் சக்கரத்தைப் பூட்டிவிடும். உருளாத நாற்காலியைச் சுமைக்காரர்கள் இழுப்பார்கள், கையில் அகப்பட்டதைப் பிடித்துத் தூக்குவார்கள். அகப்படுவது ஜாய்ஸ்டிக். நெம்பை எப்படித் தள்ள வேண்டும் என்று நாற்காலியில் ஒரு தாள் ஒட்டியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அதைச் சொல்ல வேண்டியது டிக்கெட் எடுத்தவர், கேட்க வேண்டியது செக்இன் மேசை. இரண்டு பேருமே செய்யவில்லை.

அடுத்துதான் பெரிய தவறு. பெட்டிக் கவுண்டரில் இருந்தவர் நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நீங்க மலேசியா போய் மெயில் போட்டுருங்கம்மா, அங்கேயே பார்த்துக்குவாங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அக்கா நம்பி வெளியே வந்துவிட்டார். பிஐஆர் என்று ஒரு பாரம் உண்டு, பயணப்பெட்டி சேதத்தைப் பதிவு செய்கிற பாரம். சுங்க வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் அதை எழுதி வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை.

மூன்றாம் நாள் சிங்கப்பூரில் இருக்கிற மகன் நிறுவனத்தின் சாட்டில் போய் முழுக் கதையையும் எழுதினார். முதலில் கணினியே தானாகப் பதில் சொன்னது, பிறகு ஆள் வந்தார், ஒரு எண் கொடுத்தார். குடும்பமே நிம்மதி ஆகிவிட்டது, எண் கிடைத்துவிட்டது, புகார் பதிவாகிவிட்டது என்று. ஒன்பதாம் நாள், பிஐஆர் எண் கேட்டார்கள். இல்லை என்றதும், ஏஜெண்டு மூலம் எடுத்த டிக்கெட், ஏஜெண்டிடம் கேளுங்கள் என்றார்கள். ஏஜெண்டு, “அது விமானக்காரன் பொறுப்பு அக்கா, நான் டிக்கெட் மட்டும்தான்” என்றார். 280 வெள்ளியைக் கேட்டதற்கு, “சர்விஸ் பண்ணிட்டேன்ல” என்றார். பதினைந்தாம் நாள் ‘உங்கள் விவகாரம் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்’ என்று செய்தி வந்தது. யார் தீர்த்தார்கள், என்ன தீர்த்தார்கள், ஒன்றும் இல்லை. மறுபடி எழுதினால் புது எண். மூவாயிரத்து நானூற்று எண்பது வெள்ளிக்கு நான்கு எண்கள் கிடைத்தன, அவ்வளவுதான்.

இருபதாம் நாள் அக்காவின் கையெழுத்தோடு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன் கீழ் ஒரு கடிதம் போனது: என் பெயரில் நீங்கள் வைத்திருக்கும் பதிவு முழுவதையும் தாருங்கள் என்று. இதற்கு 21 நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். கடைசி நாளில், அதாவது இன்று காலை, தந்தார்கள்.

அந்த ஒரு பக்கத்தில் இருந்தது இதுதான். வகை: பொது விசாரணை. உட்பிரிவு: பயணப்பெட்டி. புகார்: இல்லை. மாற்றுத்திறனாளி தொடர்பானது: இல்லை. நிலை: மூடப்பட்டது. நான்கு எண்ணுக்கும் அதே வரிகள். கால் இல்லாத பெண்ணைப் படியில் தூக்கிக்கொண்டு போனது எந்தக் கட்டத்திலும் இல்லை. மகன் சாட்டில் எழுதிய வாசகமும் இல்லை, ‘வாடிக்கையாளர் பெட்டி பற்றிக் கேட்டார்’ என்று ஒரு சுருக்கம் மட்டும்.

இதனால் என்ன ஆகிறது என்று கேளுங்கள். மலேசியப் பயனீட்டாளர் விமானப் பயணப் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2016-இன்படி புகார் வந்தால் 30 நாளில் நிறுவனம் தீர்க்க வேண்டும். ‘விசாரணை’க்கு அந்தக் கடிகாரம் ஓடாது. வெளிநாட்டுப் பயணத்துக்கு மொன்றியல் ஒப்பந்தம் இருக்கிறது. பெட்டியாக ஏற்றிய பொருள் சேதமானால் கையில் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். 7 நாள் தாண்டினால் வழக்குக்கே வழியில்லை. மகன் மூன்றாம் நாளே எழுதினார். ஆனால் சாட் வாசகத்தைச் சேமிக்கவில்லை, அவர்களுடைய பதிவிலோ புகார் இல்லை. அந்த ஒப்பந்தத்தின் இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு). வெள்ளிக் கணக்கில் அது 3,480-ஐப் போல இருமடங்குக்கும் மேலே. நாற்காலிக் காசு கிடைத்திருக்கக்கூடிய இடத்தில் ஒரு சென் வரவில்லை, ஒரு கட்டத்தில் தப்பான வகை போட்டதால்.

நிறுவனத்துக்கு இதில் லாபம் உண்டு என்பதை மறக்காதீர்கள். ஊனம் தொடர்பான புகார் என்று பதிந்தால் அது எண்ணிக்கையில் ஏறும், கேள்வி வரும். பெட்டி என்று பதிந்தால் ஆயிரத்தில் ஒன்று.

அமெரிக்காவில் இதை எப்படிக் கட்டிப்போட்டார்கள் என்று பாருங்கள். 1986-இல் அவர்கள் விமானப் பயண அணுகல் சட்டம் கொண்டுவந்தார்கள். 2004 முதல் நிறுவனங்கள் ஒவ்வொரு ஊனப் புகாரையும் இரண்டு விதமாக வகைபிரித்துப் பதிய வேண்டும். பயணிக்கு என்ன குறைபாடு என்பதற்கு 13 வகை: பார்வை, செவி, இடுப்புக்குக் கீழ் செயலிழப்பு, மற்ற சக்கர நாற்காலிப் பயணி, ஆக்சிஜன், ஸ்ட்ரெச்சர் என்று போகும். என்ன குறை நடந்தது என்பதற்கும் அப்படியே தனித்தனி வகை: ஏற்ற மறுத்தது, துணை ஆள் இல்லாமல் ஏற்ற மறுத்தது, உதவி தராதது அல்லது தாமதித்தது, உதவிக் கருவியைச் சேதப்படுத்தியது, இருக்கை தராதது என்று. வருஷா வருஷம் ஜனவரியில் போக்குவரத்துத் துறைக்கு அறிக்கை. புகார்களை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவுக்குப் பறக்கிற வெளிநாட்டு நிறுவனத்துக்கும், அந்தப் பயணங்களைப் பொறுத்தவரை, இதே விதி. அக்காவின் பயணத்துக்கு அது பொருந்தாது, தெரியும். ஆனால் அந்த விதி புகார் என்றால் என்ன என்று சொல்லுகிற இடத்தைப் பாருங்கள்: ஊனமுள்ளவரோ அவர் சார்பில் வேறொருவரோ, விமானச் சேவையைப் பயன்படுத்தும்போது தன் ஊனத்தை ஒட்டி ஏற்பட்ட சிரமத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவிக்கும் அதிருப்தி. எழுத்து வேண்டும். குறிப்பாக இருக்க வேண்டும். ஊனத்தோடு சம்பந்தம் தெரிய வேண்டும். இந்த மூன்றும் உங்கள் கடிதத்தின் முதல் இரண்டு வரியில் இருந்தால் எந்த நாட்டு நிறுவனமும் அதைப் ‘பெட்டி விசாரணை’ என்று தள்ளுவது கஷ்டம். மகன் எழுதியது ‘எங்கள் வீல்சேர் உடைந்துவிட்டது, என்ன செய்வது?’ என்று கேள்வியாகத் தொடங்கியது. கேள்வி என்றே பதிந்துவிட்டார்கள்.

அக்கா இப்போது வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. நாற்காலி வீட்டு முன் தாழ்வாரத்து மூலையில் நிற்கிறது, ஜாய்ஸ்டிக்கை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். பழுது பார்க்கும் கடையில் மோட்டாரும் போய்விட்டது, புதிது வாங்குவதே மேல் என்றுவிட்டார்கள். 2,900 வெள்ளி அப்படியே நிற்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவதாகச் சொன்னேன், விரிவாக எழுதப் பொறுமை இல்லை. அவசரமானதை மட்டும் சொல்கிறேன்.

கடைக்காரரை நம்பாதீர்கள், டிக்கெட் எண்ணை வைத்து நீங்களே நிறுவனத்தைக் கூப்பிட்டு ஆர், எஸ், சி எது போட்டிருக்கிறது என்று கேளுங்கள். புறப்பட 48 மணி நேரத்துக்கு முன்னால் அது சரியாகிவிட வேண்டும். ஏஜெண்டிடம் சுற்றுலா அமைச்சின் உரிம எண்ணைக் கேளுங்கள், முகத்தைச் சுளித்தால் எழுந்து வாருங்கள்.

பேட்டரியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். கழற்றக்கூடிய லித்தியம் ஒன்று என்றால் 300 வாட்-மணி வரை, இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160-க்குள். 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் இரண்டையும் பெருக்கி 288, சரியாக இருக்கும். ஜாய்ஸ்டிக் கழலுமென்றால் அதையும் பைக்குள் போடுங்கள். நெம்பு எந்தப் பக்கம் என்று மார்க்கரில் எழுதி ஒட்டுங்கள். ஒப்படைக்கும்போது நான்கு பக்கமும் படம், டேக்கோடு.

உடைந்தால் பிஐஆர் இல்லாமல் வெளியே வராதீர்கள். யார் எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் வராதீர்கள்.

சாட் வேண்டாம். மின்னஞ்சல். தலைப்பில் ‘ஊனம் தொடர்பான புகார்’. ஒரு குறைக்கு ஒரு கடிதம்: தூக்கிப்போனது தனி, நாற்காலி தனி. 30 நாள் ஆகிவிட்டால் சிஏஏஎம்முக்கு (மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்) போங்கள், முன்பு பயணிகள் புகாரைப் பார்த்த மாவ்கோம் ஆணையத்தின் வேலை 2025 ஆகஸ்ட் 1 முதல் அவர்களிடம்தான்.

கடைக்காரர் மேல் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முதல் பாரம் நிரப்பியாகிவிட்டது. கட்டணம் ஐந்து வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. அந்த முத்திரை குத்திய ரசீது பத்திரமாக இருக்கிறது. நாளைக் காலை ஏழு மணி வேனில் அக்காவையும் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போகிறார்கள், வாடகை நாற்காலியோடு.