வெள்ளிச் சாயம் பூசிய ஹெட்: பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பினாங்கில், அதிலும் பெருநிலப் பக்கம், பழைய டீசல் பிக்கப்புக்கு சிலிண்டர் ஹெட் (எஞ்சின் பிளாக்கின் மேல் மூடி மாதிரி உட்காரும் பகுதி) தேடிக்கொண்டிருப்பவர்கள் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். உங்கள் பழைய ஹெட்டை மட்டும் எந்தக் கடைக்காரரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். நான் விட்டுவிட்டு வந்தேன். புதுசு என்று சொல்லி, ஒட்டுப்போட்டுச் சாயம் அடித்த ஒன்றை என்னிடம் விற்றார்கள். போன பணம் ஒருபக்கம் இருக்கட்டும், என் சொந்த ஹெட்டும் போய்விட்டது.

எங்கள் வண்டி மிட்சுபிஷி எல்200. 1998-இல் அப்பா வாங்கியது. உள்ளே இருப்பது 4டி56 எஞ்சின், 2,477 சிசி. அப்பாவுக்கு முட்டி வலி வந்த பிறகு நான்தான் ஓட்டுகிறேன். ஆனாலும் காலையில் பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்க்கும் பழக்கத்தை அவர் விடவில்லை. போன தீபாவளிக்கு முன்பு அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். "தம்பி, வண்டி தண்ணி குடிக்குது" என்றார். தரையில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. எண்ணெயில் தண்ணீர் கலந்து பால் மாதிரி ஆகவும் இல்லை. ஆனால் இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தால் கல் மாதிரி இறுகியிருந்தது. எஞ்சினுக்குள் எரியும் வாயுவின் அழுத்தம் எங்கேயோ தண்ணீர்ப் பாதைக்குள் நுழைகிறது என்பதற்கு அது அடையாளம்.

காரணம் எனக்குத் தெரியும். இரண்டு மாதம் முன்னால் ஹோஸ் வெடித்து, ஜூரு பக்கம் நெடுஞ்சாலையில் நிறுத்த இடமில்லாமல் கொஞ்ச தூரம் சூட்டோடு ஓட்டிவிட்டேன். இந்த எஞ்சினுக்கு பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போல்ட் போட்டு இறுக்கிய நிலையில் விரிய இடமில்லாமல் ஹெட் வளையும், இல்லையென்றால் வால்வுகளுக்கு நடுவில் வெடிக்கும். 4டி56 வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

எங்கள் போர்மேன், அதாவது வழக்கமான மெக்கானிக், ஹெட்டைக் கழற்றினார். வால்வுக்குப் பக்கத்தில், ப்ரீ-சேம்பரை (டீசல் எரியத் தொடங்கும் சின்ன அறை) சுற்றி, மயிரிழை மாதிரி இரண்டு மூன்று கோடுகள் தெரிந்தன. "அண்ணே, இது முடிஞ்சிடுச்சு. வேற பாருங்க" என்றார். நான் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தேன். அதோடு சரி. எங்கேயும் கொண்டுபோய்ச் சோதிக்கவில்லை. கண்ணால் பார்த்தே தீர்ப்பு எழுதிவிட்டோம்.

பழைய வண்டிகளை வெட்டி உதிரிபாகம் விற்கும் அரைவெட்டுக் கடையில் பழைய ஹெட் கிடைக்கும். ஆனால் அது எத்தனை தடவை சூடு கண்டது என்று யாருக்கும் தெரியாது. அப்பாவின் வண்டி, இன்னும் பத்து வருடம் ஓடட்டும் என்று புதுசே வாங்க முடிவெடுத்தேன். போர்மேனின் வழக்கமான கடையில் அப்போது சரக்கு இல்லை. விசாரித்துக்கொண்டே போய் நானே ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையைப் பிடித்தேன். கடைக்காரர் தமிழர். டீ வாங்கிக் கொடுத்தார், அப்பாவைப் பற்றி விசாரித்தார். "புது சாமான் தம்பி. பெட்டி மட்டும் கடையில கிழிஞ்சு போச்சு" என்று பளபளவென்று ஒரு ஹெட்டைத் தூக்கி வைத்தார். வால்வு, ஸ்பிரிங், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு எல்லாம் மாட்டி, அப்படியே வைத்து இறுக்க வேண்டியதுதான். 1,650 வெள்ளி (ரிங்கிட்). பழைய ஹெட்டைக் கொடுத்தால் 150 வெள்ளி குறைப்பதாகச் சொன்னார். நம்ம ஆள் என்ற நம்பிக்கையில், வண்டியின் பின்னால் கிடந்த பழைய ஹெட்டை நானே இறக்கிக் கொடுத்தேன். ரசீதில் 'சிலிண்டர் ஹெட் 1 செட்' என்று மட்டும் எழுதியிருந்தது. புதுசா பழசா, எந்த நிறுவனத்தின் வார்ப்பு, எத்தனை மாத உத்தரவாதம், ஒன்றும் இல்லை. அதையும் நான் கேட்கவில்லை.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உட்காரும் புது கேஸ்கெட், புது போல்ட், புது தெர்மோஸ்டாட் போட்டோம். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். டைமிங் பெல்ட், பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட் இரண்டையும் மாற்றினோம். மூன்று வாரம் வண்டி நன்றாகவே ஓடியது. வீட்டிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து வீட்டுக்கு. சமதளம், சுமை இல்லை.

தைப்பூசம் வந்தது. வருடா வருடம் எங்கள் குடும்பமும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து தீவில் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் தண்ணீர்ப் பந்தல் போடுவோம். பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு சீனி மூட்டை, சிரப், பெரிய அண்டாக்கள், மேசைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பினாங்கு பாலத்தில் ஏறினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாலத்தின் நடுவே மேடு ஏறும்போது சூடு காட்டும் முள் மெல்ல நகர ஆரம்பித்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். மேட்டைத் தாண்டியதும் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தினேன். லோரிகள் உரசுகிற மாதிரி போகின்றன. எழுபது வயதுக்காரரை அந்தக் காற்றில் தடுப்புச் சுவர் ஓரமாக நிற்க வைத்து, இழுவை வண்டிக்காகக் காத்திருந்தேன். அதை இன்னமும் என்னால் மறக்க முடியவில்லை. சாமான்களைப் பக்கத்து வீட்டுத் தம்பி வேனில் வந்து ஏற்றிப் போனார்.

மறுபடி ஹெட்டைக் கழற்றினோம். இந்த முறை புக்கிட் மெர்தாஜாமில் எஞ்சின் ஹெட் வேலை மட்டுமே செய்யும் ஒரு பழைய பட்டறைக்கு எடுத்துப் போனேன். சீன அங்கிள் ஒருவர், நாற்பது வருடமாக அதே வேலை. ஹெட்டைத் திருப்பிப் போட்டு, எண்ணெய் போக்கும் திரவத்தில் துணியை நனைத்து எக்ஸாஸ்ட் ஓட்டைக்குள் துடைத்தார். துணியோடு வெள்ளி நிறம் கழன்று வந்தது. அதற்குக் கீழே அலுமினியத்தின் துளைகளில் பழைய கரி ஊறிப் போயிருந்தது. புது வார்ப்பில் கரி எப்படி வரும்? மூன்று வாரக் கரி அப்படி ஊறாது என்றார். பிறகு விளக்கைச் சாய்த்துப் பிடித்து மூன்றாவது சிலிண்டரைக் காட்டினார். இரண்டு வால்வுக்கும் நடுவில் விரல் நக அகலத்துக்கு ஒரு பட்டை, சுற்றியிருக்கும் உலோகத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பாக. வெல்டிங். பக்கவாட்டில் வார்ப்பு எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தைக் கிரைண்டர் போட்டு வழித்திருந்தார்கள்.

தண்ணீர் வழிகளை எல்லாம் ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, உள்ளே காற்றைச் செலுத்தி, சுடுநீர்த் தொட்டியில் இறக்கினார். முதலில் ஒன்றுமே இல்லை. எனக்கே சந்தேகம் வந்தது. ஹெட் சூடேறச் சூடேற, அந்த வெல்டிங் பட்டையின் ஓரத்திலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின, பாசிமணி கோத்த மாதிரி. "ரெத்தாக்" என்றார் அங்கிள், மலாயில் விரிசல். பச்சைத் தண்ணீரில் சோதித்திருந்தால் இது பிடிபட்டிருக்காது, சூட்டில்தான் விரிசல் வாய் திறக்கும் என்றும் சொன்னார்.

அப்புறம் ராக்கர் ஆர்ம்களைக் கழற்றிவிட்டு கேம்ஷாஃப்ட்டைக் கையால் சுற்றச் சொன்னார். ஒரு இடத்தில் வந்து இறுகி நின்றது. இந்த ஹெட் எப்போதோ வளைந்திருக்கிறது. கேஸ்கெட் உட்காரும் அடிப்பக்கத்தை மட்டும் சீவி மட்டமாக்கியிருக்கிறார்கள். மேலே கேம் ஓடும் வரிசை வளைந்தபடியே இருக்கிறது. அடியில் ஸ்கேல் வைத்துப் பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

வெல்டிங் செய்வதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. முறையாகச் சூடாக்கி, வெல்டிங் செய்து, சோதித்து, 'இது ரிப்பேர் செய்த ஹெட்' என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் அது நேர்மையான தொழில். இங்கே நடந்தது அதில்லை.

நான் எடுத்த பழைய படத்தையும் அங்கிளிடம் காட்டினேன். பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். இந்த எஞ்சினில் ப்ரீ-சேம்பர் ஓரத்தில் இப்படி மெல்லிய கோடுகள் நிறைய வரும், தண்ணீர்ப் பாதை வரை போகாவிட்டால் அவற்றோடு வருடக்கணக்கில் ஓடும் என்றார். ஹோஸ் இறுகியதற்கு வெறும் கேஸ்கெட் கூட காரணமாக இருந்திருக்கலாம். சோதிக்க அவர் கேட்பது 80 வெள்ளி. என் ஹெட் நல்ல ஹெட்டாகவே இருந்திருக்கலாம் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். இனி அது தெரிய வழியில்லை.

கடைக்காரரிடம் போனேன். இந்த முறை டீ இல்லை. "உங்க ரேடியேட்டர் சரியில்ல, நீங்க சூடாக்கிட்டீங்க" என்றார். சூட்டில் விரிசல் விழும், வெல்டிங் விழுமா என்று கேட்டேன். பதில் இல்லை. ரசீதில் இருந்த முத்திரையைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. சரி, என் பழைய ஹெட்டையாவது கொடுங்கள் என்றேன். "அது அப்பவே போயிடுச்சு தம்பி" என்றார்.

அந்த முத்திரையைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடாதீர்கள். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும், ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். ஒரு ரப்பர் முத்திரையால் அந்த உரிமையை எடுத்துவிட முடியாது. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருள் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு போடலாம், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. அங்கிள் எழுதிக் கொடுத்த சோதனைக் குறிப்பு, வெல்டிங் பட்டையின் படங்கள், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் வேலை ரசீதுகள் எல்லாவற்றையும் வைத்து நான் மனு போட்டிருக்கிறேன். விசாரணை இன்னும் வரவில்லை.

இடையில் வேறொரு ஹெட் வாங்கினேன். இந்த முறை வால்வு மாட்டாத வெறும் வார்ப்பு. அப்போதுதான் ஓட்டைகளுக்குள் விரல் விட்டுப் பார்க்க முடிகிறது. வார்ப்பு எழுத்துகள் தெளிவாக இருந்தன. கடையிலேயே புது கேஸ்கெட்டை மேலே வைத்து, தண்ணீர் ஓட்டைகளும் ப்ரீ-சேம்பரும் பொருந்துகின்றனவா என்று பார்த்தேன். இதே எஞ்சினை ஹூண்டாய் டி4பிஏ, டி4பிஎஃப், டி4பிஎச் என்ற பெயர்களில் செய்திருக்கிறது. 4டி56-லேயே வகைகள் உண்டு. போல்ட் ஓட்டை பொருந்துவதால் மட்டும் உள்ளே எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. குளோ பிளக்கையும் இன்ஜெக்டரையும் கையாலேயே திருகிப் பார்த்து மரையைச் சோதித்தேன். ரசீதில் 'புதியது' என்று எழுதி, சோதனையில் ஒழுகினால் திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்தும் வாங்கினேன். எழுத மறுத்த ஒரு கடையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

அங்கேயிருந்து நேராக அங்கிளின் தொட்டிக்குத்தான் போனது. குமிழ் இல்லை. வால்வுகளை அவரே உட்கார வைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்று அளந்தார். டீசலில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவில் இடம் மிகக் குறைவு, அதில் குத்துமதிப்பு கூடாது என்றார்.

போன வாரம் சீனி மூட்டை கணக்குக்கு மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு, துன் சார்டோன் சாலை வழியாக பாலிக் புலாவ் வரை ஏறி இறங்கினோம். முள் நடுவில் நின்றது, நகரவில்லை. மறுநாள் காலை அப்பா பானெட்டைத் திறந்து ஹோஸைப் பிடித்துப் பார்த்தார். மெத்தென்று இருந்தது.