நான்கு அமெரிக்க சிங்கிள் மால்ட்கள்: எதில் பார்லி மிஞ்சுகிறது?

புது ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசனை நினைவிருக்கிறதா? முளைகட்டிக் காயவைத்த பார்லியின், அதாவது மால்ட்டின் வாசனை அது. சிங்கிள் மால்ட் விஸ்கியை எடைபோட நான் வைத்திருக்கும் முதல் அளவுகோலும் அதுதான். மால்ட் பார்லியை மட்டுமே வைத்துக் காய்ச்சிய சரக்கு என்றால், மரத்துக்குள் எத்தனை வருடம் கிடந்தாலும் அந்தத் தானியம் எங்காவது தலைகாட்ட வேண்டும்.

அமெரிக்க சிங்கிள் மால்டில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். 'அமெரிக்கன் சிங்கிள் மால்ட்' என்ற பெயருக்கு அந்நாட்டு அரசு இலக்கணம் வகுத்ததே 2024 டிசம்பரில்தான். 2025 ஜனவரி 19 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நூறு சதவீதம் மால்ட் பார்லி, ஒரே ஆலையில் காய்ச்சி வடிப்பது, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாய், பாட்டிலில் குறைந்தது 40 சதவீத ஆல்கஹால் ஆகியவை கட்டாயம். ஸ்காட்லாந்தைப் போல மூன்று வருடம் பீப்பாயில் இருந்தே ஆக வேண்டும் என்றோ, பாட் ஸ்டில் என்ற செம்புப் பானையில்தான் வடிக்க வேண்டும் என்றோ நிபந்தனை கிடையாது. பீப்பாய் புதிதாக இருக்கலாம், ஏற்கெனவே பயன்படுத்தியதாக இருக்கலாம், உட்புறம் கரித்தும் இருக்கலாம். தானியம் ஒன்றுதான், மற்றதெல்லாம் ஆலைக்காரர் இஷ்டம். அதனால்தான் ஒரே பெயர் போட்ட இரண்டு பாட்டில்கள் அண்ணன் தம்பி என்று சொல்ல முடியாத அளவுக்கு வேறுபடுகின்றன.

நான்கு பாட்டில்களை எடுத்துக்கொண்டேன். நண்பர் ஊற்ற, எது எது என்று எனக்குத் தெரியாமல் நான்கு துலிப் கிளாஸ்கள் மேஜைக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் 20 மில்லி. ஐஸ் இல்லை, மிக்ஸிங் இல்லை. பத்து நிமிடம் மூக்கு மட்டும், அப்புறம் ஒரு வாய் ராவாக, அப்புறம் சில சொட்டுத் தண்ணீர் விட்டு இன்னொரு வாய். கிளாஸ்களைக் கழுவாமல் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

டென்வர் நகரின் ஸ்ட்ரானஹான்ஸை முகர்ந்த உடனே கண்டுபிடித்துவிட்டேன். 1998இல் ஜார்ஜ் ஸ்ட்ரானஹானின் கொட்டகை தீப்பிடித்தபோது அணைக்க வந்த தன்னார்வலர்களில் ஒருவர் ஜெஸ் கிரேபர். அந்தப் பழக்கத்தில் 2004இல் பிறந்த ஆலை இது. உள்ளே கரித்த புத்தம்புது ஓக் பீப்பாயில் வைக்கிறார்கள், சோளத்தில் காய்ச்சும் அமெரிக்க விஸ்கியான பர்பனுக்குச் செய்வதைப் போலவே. விளைவு வெண்ணிலா, காய்ச்சிய சர்க்கரை, கொஞ்சம் தோல் வாசனை. 47 சதவீதம் என்றாலும் தொண்டையில் உறுத்தவில்லை. பர்பன் குடித்துப் பழகியவருக்கு உடனே பிடித்துவிடும். எனக்கோ பார்லியைத் தேட வேண்டியிருந்தது.

டெக்சாஸின் பால்கோன்ஸ் வேறு ரகம். வேக்கோ நகரில் ஒரு பாலத்தடியில், பழைய வெல்டிங் பட்டறையில், தங்கள் கையாலேயே ஸ்டில் கட்டித் தொடங்கியவர்கள். 2012இல் லண்டனில் பெயர் மறைத்து நடந்த ஒரு போட்டியில் ஸ்காட்ச்களையும் முந்தியது இதே சிங்கிள் மால்ட்தான். 53 சதவீதம். மூக்கை அவசரப்பட்டுக் கிட்டே கொண்டுபோனால் சுரீர் என்கிறது. கோல்டன் பிராமிஸ் என்ற பழைய ஸ்காட்லாந்து ரகப் பார்லியை எடுத்து டெக்சாஸ் வெயிலில் முதிரவைக்கிறார்கள். வெயிலில் சரக்கு விரிந்து மரத்துக்குள் புகும், குளிரில் சுருங்கி வெளியே வரும். ஸ்காட்லாந்தில் நிதானமாக நடப்பது இங்கே வேகமாக நடந்துவிடுகிறது, ஆவியாகிப் போவதும் அதிகம். முதல் வாயில் கருப்பட்டிப் பாகு, தோல் கறுத்த வாழைப்பழம், கூடவே பல்லில் ஒட்டும் மரத்தின் துவர்ப்பு. ஆனால் அரை ஸ்பூன் தண்ணீர் விட்டதும் துவர்ப்பு பின்வாங்கி, ரொட்டியை நெய்யில் வாட்டினது போல ஒரு மணம் எழுந்தது. அன்றிரவு முதல் சுற்றில் நான் அதிக மதிப்பெண் போட்டது இதற்குத்தான்.

சியாட்டிலின் வெஸ்ட்லேண்ட் அமெரிக்கன் ஓக் முதலில் அடக்கமாகத்தான் இருந்தது, 46 சதவீதம். இவர்கள் வெளிர் மால்டோடு நிற்பதில்லை. கறுப்பு பீர் காய்ச்சுகிறவர்கள் சேர்க்கும் வறுத்த மால்ட்கள் உட்பட ஐந்து வகை கலக்கிறார்கள். புளிக்கவைப்பது பெல்ஜியப் பீர் ஈஸ்ட். பீப்பாயிலும் புதியதோடு பர்பன் வைத்திருந்த பழையதையும் சேர்த்துக்கொள்கிறார்கள், அதனால் மரம் தானியத்தின் மேல் ஏறி உட்காரவில்லை. இருபது நிமிடம் கழித்துத்தான் கிளாஸ் வாய் திறந்தது. ஆரஞ்சுத் தோல், கசப்புச் சாக்லேட், அப்போதுதான் அரைத்த காப்பித்தூள். இந்தக் காப்பி வாசம் பீப்பாய் கொடுத்ததல்ல, வறுத்த பார்லியிலிருந்தே வருவது. அது புரிந்தபோது எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது.

அரிசோனாவின் டூசானிலிருந்து வரும் டெல் பாக் டொராடோ, 45 சதவீதம். மரச்சாமான் செய்துவந்த ஸ்டீபன் பால், மீந்த மெஸ்கீட் துண்டுகளை எரித்து அந்தப் புகையில் மால்டைக் காயவைத்தால் என்ன என்று இறங்கினார். மெஸ்கீட் வேறு எதுவும் இல்லை, நம் ஊர் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டத்தைக் கடந்து போனவர்களுக்கு இந்தப் புகை புதிதல்ல. ஸ்காட்லாந்தில் மால்டை உலர்த்த எரிக்கும் பீட் என்ற சதுப்புநில மண்ணின் புகையில் இருக்கும் ஆஸ்பத்திரி வாடை இதில் இல்லை. காய்ந்த விறகு, கொஞ்சம் இனிப்பு, அவ்வளவுதான். பாலைவனத்து விறகை பாட்டிலுக்குள் கொண்டுவந்த இந்த யோசனைக்காகவே டொராடோவை மதிக்கிறேன். என்ன, இரண்டாவது வாய்க்குப் பிறகு புகைதான் பேசுகிறது.

விலையும் சந்தர்ப்பமும் பார்த்தால் பதில் மாறலாம். விருந்தில் பத்துப் பேருக்கு ஊற்ற ஸ்ட்ரானஹான்ஸ் போதும். கறிச்சுக்காவோடு குடிக்க டொராடோ. காரசாரமாக ஒரே ஒரு பெக் போதும் என்றால் பால்கோன்ஸ், தண்ணீரை மட்டும் மறக்க வேண்டாம்.

எனக்கு வெஸ்ட்லேண்ட். காலையில் எழுந்து காய்ந்த கிளாஸ்களை ஒவ்வொன்றாக முகர்ந்தேன். ஆல்கஹால் பறந்துபோன பிறகு அடியில் தங்குவதுதான் விஸ்கியின் எலும்புக்கூடு. ஸ்ட்ரானஹான்ஸில் வெண்ணிலா, பால்கோன்ஸில் ஈர மரப்பலகை, டொராடோவில் அணைந்த அடுப்பு. வெஸ்ட்லேண்ட் கிளாஸில் மூக்கை விட்டால் ஹார்லிக்ஸ்.