பழைய புல்லட்டில் கிளட்ச் வழுக்கினால்: கேபிளா, ஆயிலா, வாஷரா, பிளேட்டா?

வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று ராயல் என்ஃபீல்டின் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350 பற்றித்தான் பேச்சு. இதில் கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்கக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏற வேண்டாம். கிக்கரே காட்டிக்கொடுக்கும். மிதியின் விசை கியர்பாக்ஸுக்குப் போய், கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. டீகம்ப்ரஷரை, அதாவது கம்ப்ரஷனை வெளியேற்றிவிடும் சின்ன லீவரைத் தொடாமல் மிதிக்கும்போது, கம்ப்ரஷன் தடுக்க வேண்டிய இடத்தில் கால் வழவழவென்று இறங்கினால் கிளட்சுக்குள் அடுக்கியிருக்கும் பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கவில்லை. கடகடவென்று சத்தத்தோடு இறங்கினால் கிக்கர் பல்லைப் பாருங்கள், அது வேறு கதை. ரோட்டில் டாப் கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறும், வண்டி இழுக்காது.

பட்டறைக்குப் போனால் நான்கு விதமான யோசனை கிடைக்கும்.

முதலாவது, கேபிள் அட்ஜஸ்ட்மென்ட். செலவே இல்லை, ஆனால் பலர் தலைகீழாக, லூஸ் வைப்பதற்குப் பதில் கேபிளை இறுக்கிவிடுகிறார்கள். பிளேட் தேயத் தேய, அவற்றை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் உள்பக்கம் நகர்ந்து, கிளட்சைப் பிரிக்க அதைத் தள்ளும் புஷ் ராடை நெருங்குகிறது. அதனால் லீவரில் இருந்த லூஸ் தானாகவே காணாமல் போகும். லூஸ் இல்லையென்றால் எப்போதும் யாரோ கிளட்சை லேசாகப் பிடித்துக்கொண்டிருக்கும் நிலைதான். லீவரில், கேபிள் மாட்டும் அடிப்பகுதியில் 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆட்டம் வேண்டும். லீவரில் இருக்கும் அட்ஜஸ்டரோடு நிறுத்தாமல், கியர்பாக்ஸ் பக்கம் புஷ் ராடு ஸ்க்ரூவையும் லாக் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய வேண்டும். வழுக்கல் புதிதாக ஆரம்பித்திருந்தால் பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, ஆயில். இந்த எஞ்சினில் கிளட்சும் அதை எஞ்சினோடு இணைக்கும் செயினும் இருக்கும் பிரைமரி செயின் கேஸுக்குத் தனி ஆயில். காருக்கான, உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த ஆயிலை ஊற்றினால் பிளேட் வழுக்கத்தான் செய்யும். ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாஸோ எம்ஏ முத்திரையுள்ள பைக் ஆயில் ஒரு வழி. ஆட்டோமேட்டிக் கார் கியர்பாக்ஸுக்கான ஏடிஎஃப் இன்னொரு வழி. அந்தக் கியர்பாக்ஸுக்குள்ளும் ஆயிலில் நனைந்த கிளட்ச் பிளேட்டுகள்தானே இருக்கின்றன! என் ஓட்டு ஏடிஎஃப்புக்கே. மெலிசான திரவம் என்பதால் ஒழுகும் கேஸில் இன்னும் வேகமாக ஒழுகும் என்பதுதான் ஒரே குறை. எதை ஊற்றினாலும் லெவல் ஸ்க்ரூவுக்கு மேல் வேண்டாம். ஊற்றாமலேயே லெவல் ஏறினால் கிராங்க் சீல் போய் எஞ்சின் ஆயில் உள்ளே வருகிறது. அதைக் கவனிக்காமல் பிளேட் மாற்றுவது வீண்.

மூன்றாவது, ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர். அரை மணி நேர வேலை, வண்டி பாய்ந்து கிளம்பும், மெக்கானிக்குக்குப் பெயர். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. லீவர் கல்லாகிவிடும், கேபிள் சீக்கிரம் அறும், புஷ் ராடுக்கும் சுமை. ஸ்பிரிங் முழுதாக அமுங்கி முட்டிக்கொண்டால் பிளேட் பிரியாது. சிக்னலில் நியூட்ரல் கிடைக்காமல் தவிக்க வேண்டியதுதான். வழியில் மாட்டிக்கொண்டால் ஊர் சேர மட்டும் உதவும். தளர்ந்த ஸ்பிரிங்குக்குப் புது ஸ்பிரிங் போடுவதுதான் முறை, அதுவும் ஒன்றை மட்டும் மாற்றாமல் செட்டாக.

நான்காவது, புது பிளேட். தேய்ந்துபோனதற்கு வேறு மருந்து கிடையாது. பெட்ரோலில் கழுவி எமரி போட்டுத் தேய்த்து மாட்டுவது, பளபளப்பேறிய பிளேட்டைக் கொஞ்ச நாள் ஓட்டும், கனம் குறைந்ததைக் கூட்டாது. இங்கே மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் ஃபிரிக்‌ஷன் பிளேட்டை மட்டும் மாற்றி, நீலம் பாரித்த ஸ்டீல் பிளேட்டைத் திரும்பப் போடுகிறார்கள். அதைக் கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது, தூக்கிப் போடுங்கள். பிளேட்டின் பல் உட்காரும் கிளட்ச் டிரம்மின் காடியில் பள்ளம் லேசாக இருந்தால் அரத்தால் சமன் செய்யலாம், ஆழமென்றால் டிரம்மும் போச்சு. சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் விலை மலிந்த செட்டும் கிடைக்கும். ஆனால் அதற்காகக் கேஸை இரண்டாம் முறை திறக்கும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஆக, லீவரில் லூஸ் இல்லையென்றால் கேபிள். லூஸ் சரியாக இருந்தும் வழுக்கினால் ஆயில். இரண்டுக்கும் அடங்காவிட்டால் பிளேட்டும் ஸ்பிரிங்கும் ஒரே தடவையில். புது பிளேட் படிந்தபின் லூஸ் மறுபடி குறையும். சில நூறு கிலோமீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேஸ் கவரைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே நட். ஒழுகுகிறது என்று அதைப் போட்டு இறுக்கினால் கவர் வளைந்து இன்னும் ஒழுகும். ரப்பர் சீலை மாற்றுங்கள்.