எதிர்நீச்சல் முழுசா பாத்தாச்சு: வளந்தது ஜனனி இல்ல, நந்தினிதான்

சன் டிவி சீரியல் எதிர்நீச்சல 2022 பிப்ரவரில ஆரம்பிச்சதுலேந்து 2024 ஜூன்ல முடியிற வரைக்கும் விடாம பாத்தவ நான், நைட்டு ஒன்பதரைக்கு தண்டையார்பேட்டைல எங்க லைன்ல எந்த வூட்ட தாண்டுனாலும் அதுல வர்ற வூட்டுப் பெரியவரு குணசேகரன் கொரல்தான், மிஸ் ஆச்சுன்னா மறுநாள் சன் நெக்ஸ்ட் ஆப்ல பாத்துப்பேன். அந்த உரிமைல சொல்றேன், ஹீரோயின் ஜனனி வளரவே இல்ல. மருமகளா வரும்போதே படிச்ச பொண்ணு, நியாயம் பேசுறவ, முடியும்போதும் அதேதான்.

அதே வூட்டு இன்னொரு மருமக நந்தினிய பாருங்க. ஆரம்பத்துல அவ நக்கல் எல்லாம் கிச்சனோட சரி, ஹால்ல பெரியவரு கனைச்சாலே கப்சிப், அப்பறம் ஓரகத்தி ரேணுகா கிட்ட வந்து கொட்டுவா. அந்த நக்கல் மெதுவா கிச்சன தாண்டி வெளிய வருது, புருஷன் கதிர் மூஞ்சிக்கு நேரா வருது, கடசில குணசேகரன் எதுர்லயே. "இவ வாய தொறந்துட்டா, இன்னிமே எவனாலயும் மூட முடியாது பாரு"ன்னு எங்க ஆயா குஷியாயிடும். நந்தினியா வர்ற ஹரிப்ரியா இன்னா நடிப்புங்க, சிரிச்சிகினே இருக்கும்போது கண்ணு கலங்கும்.

இழுவையும் இருக்கு, இல்லன்னு சொல்லமாட்டேன். குடும்ப சொத்துல அப்பத்தாவோட 40 சதவீத பங்க வெச்சு மாசக்கணக்குல ஓட்டுனாங்க, சனிக்கெழம நாலு மருமகளுங்களும் வீராவேசமா பேசுவாங்க, திங்கக்கெழம பாத்தா மறுபடி கிச்சன்ல அழுதுகினு இருப்பாங்க.

அப்பறம் 2023 செப்டம்பர் 8, குணசேகரனா நடிச்ச மாரிமுத்து சார் இதே சீரியல் டப்பிங்லதான் நெஞ்சுவலி வந்து போய்ட்டாரு. அவருக்கு பதிலா வேல ராமமூர்த்தி சார் வந்தாரு, நல்ல நடிகர்தான், ஆனா கேரக்டரே வேற ஆயிடுச்சு. மாரிமுத்து "ஏ இந்தாம்மா"ன்னா சிரிப்பும் வரும், நம்ம சொந்தத்துல இருக்குற எவனோ ஒருத்தன் ஞாபகமும் வரும், அந்த மாதிரி ஆள எதுத்து பேசத்தான் நெஜமாவே தைரியம் வேணும். புது குணசேகரன் பாக்கறதுக்கே தாதா மாதிரி, அவர எதுத்தா அது உயிர் பயம், குடும்பத்துக்குள்ள தெனம் நடக்குற அந்த மல்லுக்கட்டு காணாமப் போச்சு, அதோட நந்தினி ரேணுகா வளர்ச்சியும் அப்படியே நின்னுபோச்சு.

புதுசா பாக்கறவங்க மொத வருஷத்த ஓட்டாம பாருங்க, பங்கு மேட்டர் வந்தா ஓட்டி வுடுங்க. 2024 டிசம்பர்ல வந்த ரெண்டாவது பாகத்துல ஜனனிக்கு ஆளே மாத்திட்டாங்க, எங்க லைன்ல ஒருத்தரும் பெருசா கண்டுக்கல. நந்தினிக்கு அதே ஹரிப்ரியாதான், மாத்தியிருந்தா ஆயா சேனலையே மாத்தியிருக்கும்.