ஸ்பை கேமரா டிடெக்டர்: சிவப்பு விளக்குக்காக வாங்கலாம், பீப் சத்தத்தை நம்பி வாங்க வேண்டாம்

ஜவுளிக் கடைகளுக்கு ஸ்டாக் ஆடிட் செய்வது என் வேலை. மாதத்தில் பாதி நாள் கரூர், திருநெல்வேலி, ஓசூர் என்று ஏதாவது ஒரு ஊர் லாட்ஜில்தான் தூங்குகிறேன். அந்த அறைகளில் யாராவது கேமரா ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான் இந்தக் கருவியை வாங்கினேன். இணையக் கடைகளில் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி நிறைய இருக்கின்றன. பெயர் வேறுவேறாக இருந்தாலும் பெட்டியைப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. அதனால் இதை ஒரு கம்பெனியைப் பற்றிய மதிப்புரையாக எடுத்துக்கொள்ளாமல், இந்த ரகத்தைப் பற்றியதாகப் படியுங்கள்.

உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி. மேலே ஆன்டெனா. பின்பக்கம் வட்டமாகச் சிவப்பு எல்.இ.டி. விளக்குகள், நடுவில் சிவப்புக் கண்ணாடி பதித்த சின்னத் துளை. ரேடியோ அலையைப் பிடிக்கும், லென்ஸைக் காட்டும், காந்தத்தைக் கண்டுபிடிக்கும் என்று அட்டையில் மூன்று வேலை போட்டிருக்கிறது. காந்தத்தை விட்டுவிடுங்கள். டிவி ஸ்பீக்கருக்கும் அலமாரிக் கதவின் காந்தத்துக்கும் அலறுவதைத் தவிர அது எனக்கு எதற்கும் உதவவில்லை.

ரேடியோ அலை விஷயத்தில்தான் விற்பவர்கள் ரொம்பப் பெருமை அடிக்கிறார்கள். என் சித்தி மகன் சி.சி.டி.வி. மாட்டும் வேலையில் இருக்கிறான். சார்ஜர் வடிவத்தில் வரும் ஸ்பை கேமரா ஒன்றை அவனிடம் கேட்டு வாங்கி, வீட்டிலேயே பிளக்கில் செருகிச் சோதித்தேன். வைஃபை ஓடிக்கொண்டிருந்தபோது டிடெக்டர் நன்றாகவே கத்தியது. அப்புறம் வைஃபையை அணைத்துவிட்டு, மெமரி கார்டில் மட்டும் பதிவாகும்படி வைத்தான். டிடெக்டரை அதன்மேல் உரசியே பார்த்தேன், சத்தமே இல்லை. கேமரா பாட்டுக்கு என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. காரணம் எளிது: அலையை வெளியே அனுப்பாத பொருளை அலை பிடிக்கும் கருவி எப்படிக் கண்டுபிடிக்கும்? அறைக்குள் கேமராவை வைத்துவிட்டுப் பிறகு வந்து கார்டை எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு வைஃபை தேவையே இல்லை. லாட்ஜில் இன்னொரு தொல்லையும் உண்டு. பக்கத்து அறை செல்போன், வராந்தா ரூட்டர் எல்லாவற்றுக்கும் இது பீப் பீப் என்று அடிக்கும். நம் போனை ஏரோபிளேன் மோடில் போட்டால் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான்.

கொடுத்த காசு வீணாகவில்லை என்று எனக்குத் தோன்ற வைத்தது அந்தச் சிவப்பு விளக்குதான். லென்ஸ் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், தன்மேல் பட்ட வெளிச்சத்தில் கொஞ்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். அறை விளக்கை அணைத்து, திரையை இழுத்துவிட்டு, துளையைக் கண்ணோடு ஒட்டிவைத்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். லென்ஸ் இருந்தால் சிவப்புப் புள்ளியாக மினுங்கும். திருகுத்தலையும் டைல்ஸும்கூட மினுங்கத்தான் செய்யும், ஆனால் நாம் ஓரடி நகர்ந்தால் அவை மறைந்துவிடும். லென்ஸ் புள்ளி அதே இடத்தில் நிற்கும்.

எங்கே நின்று பார்ப்பது என்று எந்தக் கையேட்டிலும் சரியாகப் போடவில்லை. கதவருகே நின்று அறையைத் துழாவிப் பயனில்லை. கேமரா எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று வைக்கப்பட்டிருக்குமோ, அந்த இடத்துக்குப் போங்கள். கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பாருங்கள். ஷவருக்குக் கீழே நின்று கீசர், எக்ஸாஸ்ட் ஃபேன், துண்டு மாட்டும் கொக்கி என்று வரிசையாகப் பாருங்கள். நம்மைப் பார்க்க முடிகிற லென்ஸ்தான் நம் வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பும். இருட்டிலும் படம் பிடிக்கும் கேமராவாக இருந்தால் அதில் அகச்சிவப்பு விளக்கு இருக்கும். போனின் முன்பக்க கேமராவில் பார்த்தால் அது பெரும்பாலும் ஊதா நிறத்தில் தெரியும். இதற்குத் தனிக் கருவி வேண்டாம்.

2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் பெண்கள் விடுதி நடத்தியவரே குளியலறையில் கேமரா ஒளித்து வைத்துப் பிடிபட்டார். அதைக் கண்டுபிடித்தவர்கள் அங்கே தங்கியிருந்த பெண்கள், செல்போன் ஆப் ஒன்றை வைத்து. அந்தச் செய்தி படித்த நாளிலிருந்தே எனக்கு இந்த மாதிரிக் கருவிகள் மீது ஒரு கண்.

ஆனால் கருவியால் ஆகாத இடமும் இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒரு ஊரில் குளித்துக்கொண்டிருந்தபோது வென்டிலேட்டரில் ஒரு செல்போன் நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எந்த டிடெக்டரும் தேவைப்படவில்லை. ஸ்டேஷனுக்குப் போனால், "அதான் வீடியோவை அழிச்சிட்டானே, அப்புறம் எதுக்கும்மா கேஸு?" என்று கேட்டார்கள். அழித்தது சாட்சியத்தை என்பது அவர்களுக்குத் தெரியாதா? அவள் விடவில்லை, எஃப்.ஐ.ஆர். போட வைத்தாள். போனை நீட்டியவன் உடனே ஜாமீனில் வெளியே வந்து அதே இடத்தில் வேலைக்கும் போனான்.

சட்டமே அதற்கு இடம் தருகிறது. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதையும் படம் பிடிப்பதையும் குற்றமாக்கும் 354சி பிரிவு 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 77ஆம் பிரிவு. முதல் தடவை என்றால் ஓராண்டு முதல் மூன்றாண்டு சிறை, ஆனால் ஜாமீன் கேட்டால் கிடைத்துவிடும். இரண்டாம் தடவை மாட்டினால்தான் மூன்று முதல் ஏழாண்டு, ஜாமீனும் எளிதில் இல்லை. இப்படிச் செய்கிறவன் முதல் வீடியோவிலேயே பிடிபடுவதில்லை. பிடிபட்டதைத்தான் முதல் தடவை என்று கணக்கில் எடுக்கிறார்கள். இது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

அந்தப் பிரிவு பெண்ணைப் படம் பிடித்தால் மட்டும்தான் பொருந்தும். அதுவும் உடை களைந்த நிலை, கழிப்பறை, உடலுறவு ஆகியவைதான் அதில் 'அந்தரங்கச் செயல்'. நைட்டியோடு நான் தூங்குவதை இரவு முழுக்க ஒருவன் பதிவு செய்தால் அது இதற்குள் வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு ஆண் பெண் பார்ப்பதில்லை, பொது இடத்தில் துணிக்குக் கீழே போனை நீட்டுவதும் அதில் அடங்கும். ஆனால் அதுவும் அந்தரங்க உறுப்புகளோடு நின்றுவிடுகிறது, தண்டனை அதிகபட்சம் மூன்றாண்டு அல்லது இரண்டு லட்சம் அபராதம் அல்லது இரண்டும். தென் கொரியாவில் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்த பிறகு, 2020இல் அதிகபட்சத் தண்டனையை ஐந்திலிருந்து ஏழாண்டாக ஆக்கினார்கள். இப்படி எடுத்த வீடியோவை வைத்திருப்பவனுக்கும் பார்ப்பவனுக்கும்கூட அங்கே தண்டனை உண்டு. நமக்கு அவசரமாக வேண்டியது அந்தக் கடைசி விஷயம்தான். பார்க்க ஆள் இருக்கும்வரை எடுக்கவும் ஆள் இருப்பான்.

2025 ஜனவரியில் நம் சட்டப்பேரவை பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டி மசோதா நிறைவேற்றியது, நல்லது. ஆனால் விற்பனையை யார் கேட்பது? நான் டிடெக்டர் வாங்கிய அதே பக்கத்தைக் கீழே தள்ளினால் பேனா கேமரா, சட்டைப் பொத்தான் கேமரா, கடிகாரக் கேமரா எல்லாம் வரிசையாக நிற்கின்றன, சிலவற்றின் விலை டிடெக்டரைவிடக் குறைவு. வாங்குகிறவரின் அடையாளத்தைக்கூடக் கேட்பதில்லை. சார்ஜர் வடிவத்தில் கேமரா செய்வதற்கு ஒளிப்பதைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்? அந்த மாதிரிப் பொருளை விற்பதற்கே உரிமம் வேண்டும் என்று ஆக்க வேண்டும். லாட்ஜ் அறையில் கேமரா கிடைத்தால் உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டும் என்று எழுத வேண்டும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று, மூன்றும் லென்ஸ் விளக்குக்கே. மூவாயிரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், விலை கூடினாலும் மெமரி கார்டு கேமராவை அலை பிடிக்கும் பகுதி கண்டுபிடிக்காது. சிவப்பு விளக்கு மட்டும் இருக்கும் சின்ன மாடல் கிடைத்தால் அதுவே போதும்.

ஒருவேளை ஏதாவது கண்ணில் பட்டால், அதைப் பிடுங்காதீர்கள், கார்டை எடுக்காதீர்கள். இருக்கும் இடத்திலேயே போட்டோ எடுத்துவிட்டு, 112க்கோ பெண்கள் உதவி எண் 181க்கோ அழையுங்கள். வெளியூர் என்று தயங்க வேண்டாம்: குற்ற விசாரணை நடைமுறையைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது. அப்புறம், அறை வாடகை ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அன்று அந்த அறையில் இருந்தது நீங்கள்தான் என்பதற்கு அது கையில் இருக்க வேண்டும்.