தலைத் தமனி அழற்சி: ஸ்கேனா, பயாப்ஸியா?

50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக ஒரு தலைவலி. சீப்பு பட்டாலே தலைத்தோல் வலிக்கிறது. சாப்பிடும்போது பாதியிலேயே தாடை கடுத்து, மெல்லுவதை நிறுத்த வேண்டியிருக்கிறது. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் ஏறியிருக்கின்றன. சரி, இது தலையின் தமனிச் சுவர் வீங்கும் தமனி அழற்சிதானா என்று எப்படி உறுதி செய்வது?

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கத்தி இல்லை, வலி இல்லை. வீங்கிய தமனிச் சுவர் ரத்த ஓட்டத்தைச் சுற்றிக் கரிய வளையமாகத் தெரியும். கையோடு அக்குள் தமனியையும் பார்த்துவிடலாம். ஆனால் இந்த நோய்க்கான மருந்தான ஸ்டீராய்டு தொடங்கிய சில நாட்களிலேயே அந்த வளையம் மங்க ஆரம்பிக்கும். பார்ப்பவருக்கும் நல்ல பழக்கம் வேண்டும்.

பயாப்ஸியில் நெற்றிப்பொட்டை மரத்துப்போகச் செய்து, குறைந்தது 1 செ.மீ. தமனித் துண்டை எடுப்பார்கள். அழற்சி தமனி முழுவதும் இல்லாமல் இடம் விட்டு இடம் இருக்கும் என்பதால், துண்டு சுத்தமாக வந்தாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மருந்து தொடங்கி இரண்டு வாரம் ஆன பின்னும் தடயம் கிடைக்கும் என்பதே இதன் பலம்.

2018இல் ஐரோப்பிய வாதநோய் வல்லுநர்கள் ஸ்கேனை முன்வைத்தார்கள். 2021இல் அமெரிக்கர்கள் பயாப்ஸியை. பழகிய கை இருந்தால் முதலில் ஸ்கேன் என்பேன். சந்தேகம் தீராவிட்டால் அப்புறம் பயாப்ஸி.

எதைச் செய்தாலும், முடிவு வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போடவே கூடாது. வழக்கமாக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 40 முதல் 60 மி.கி. வரை, அன்றே தொடங்குவார்கள். நோயால் பார்வை மங்கினால் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை ஊசி வழியே ஏற்றுவார்கள். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.